லிஃப்ட் மெக்கானிக் அடித்த பாஸ்வேர்டு

லிஃப்ட் மெக்கானிக்குக் கை சும்மா இருக்காது. கெட்டுப்போன சாமானைச் சரிசெய்தால் யாரும் மெச்சுவார்கள். இவர் நன்றாக ஓடும் சாமானையும் விடமாட்டார். அவர் கைபட்ட மின்விசிறி இன்றைக்கும் தலையை ஆட்டிக்கொண்டுதான் சுற்றுகிறது. கேட்டால், "காத்து நாலு பக்கமும் வரட்டும்னுதான்" என்பார்.

மனைவியின் சின்னக் கம்ப்யூட்டர், ஒரு சோப்புப் பெட்டி அளவு, திரையும் கீபோர்டும் தனி, அதுவரை தப்பித்திருந்தது. அன்று அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து இவர் அதன் முன்னால் உட்கார்ந்தார். '@' பொத்தானை அமுக்கினால் திரையில் மேற்கோள் குறி விழுந்தது. மனுஷனுக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம். கீபோர்டு அமைப்பை யாரோ வேறொரு நாட்டுக்கு வைத்திருந்தார்கள். அதை மாற்றி, அணைத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே எழுந்தார்.

மறுநாள் அவளுக்கு வீடியோவில் நேர்காணல். வீட்டிலிருந்தபடியே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வேலை. குழந்தை பிறந்ததோடு விட்ட வாத்தியார் வேலை, இப்போதுதான் திரும்பி வருகிறது. பாஸ்வேர்டை அடித்தாள். தவறு என்றது. மறுபடி அடித்தாள். மறுபடியும் தவறு.

"ஏங்க, இதைத் தொட்டீங்களா?"

"தொடலை. சரி பண்ணேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "போர்டுல எழுதிக் காட்டணும், போன்ல முடியாது. எல்லாம் போச்சு!"

மெக்கானிக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். லிஃப்ட் நடுவில் நின்றால் கடைசியாக யார் கைவைத்தது என்றுதான் முதலில் விசாரிப்பார். இங்கே விசாரிக்கவே தேவையில்லை.

"பாஸ்வேர்டுல '@' இருக்கா?"

"கடைசியில."

"அப்ப நேத்து வரைக்கும் நீ அதை அமுக்கினப்பல்லாம் மேற்கோள் குறிதான் உள்ள போயிருக்கு, நான் மாத்தினதும் '@' போகுது. புள்ளி புள்ளியாத் தெரிஞ்சதுல நீ கவனிக்கலை. சொல்லு, நானே அடிக்கிறேன்."

"வேணாம், நகருங்க."

"நேரமாகுது, சொல்லும்மா!"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கைவச்சாகொன்னுடுவேன்."

"யாரை?"

"இந்த வீட்டுல எல்லாத்தையும் கழட்டுறது யாரு?"

தனக்கான தீர்ப்பை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகத் தானே அடித்தார். கடைசியில் மேற்கோள் குறி. திறந்துகொண்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சத்தம் போடாமல் கூடத்துக்கு நழுவினார்.

வெகுநேரம் கழித்து அறைக் கதவு திறந்தது. வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு. "கிடைச்சுடுச்சுங்க!" என்றவள், சுவரில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

"நல்லாத்தான் ஓடுது. இந்தாங்க, கழட்டுங்க."