நானூற்று இரண்டாம் வீட்டு ஆர்டர்

அந்த யோசனை வந்தது ஷார்ஜா ரோலாவில், எங்கள் கட்டிடத்துக்குக் கீழே இருக்கும் கிராசரியில், நான் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது. கடைக்கார பாய் குப்பூஸ் ரொட்டிப் பாக்கெட்டுகளை அடுக்கியபடியே, அடித்த போனை ஸ்பீக்கரில் போட்டார். ஒரு சின்னப் பெண்ணின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“பாய்! ஒன் லபன், பிக். டூ சிப்ஸ், ரெட் கலர். ஐஸ்கிரீம் மாஃபி? ஒய் மாஃபி? யெஸ்டர்டே ஆல்சோ மாஃபி! பேக் பில்டிங், ஃபோர் நாட் டூ. யல்லா, ஜல்தி!”

வெங்காயத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். இது எனக்குத் தெரிந்த குரல். நான் இங்கிலீஷ் எடுக்கும் மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்காரும் குட்டிப் பெண். ஐந்து மாதமாக ‘எஸ் மிஸ்’, ‘நோ மிஸ்’ தவிர ஒரு வார்த்தை அவளிடமிருந்து வந்ததில்லை. வாயே திறக்காத பிள்ளை என்று அவள் அம்மாவிடமே சொல்லியிருந்தேன். அந்தப் பிள்ளைதான் இங்கே ஐஸ்கிரீம் ஏன் இல்லை என்று விசாரணை நடத்துகிறது!

“இதுவா?” பாய் சிரித்தார். காயல்பட்டினத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது கூட இருப்பார். “டெய்லி ரெண்டு தடவை அடிக்கும். என்னைய அது போடுற அதட்டல் இருக்கே, எங்க முதலாளிகூட அப்படிப் போட மாட்டாரு டீச்சர்.”

மாடிப்படி ஏறும்போதே பாடம் முழுக்கத் தயாராகிவிட்டது. வெங்காயத்தை வாங்காமலே வந்துவிட்டேன் என்பது அறைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. என் பள்ளியில் படிப்பவர்கள் எல்லோரும் அரபுப் பிள்ளைகள். எனக்கு அரபி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் இருப்பது இங்கிலீஷ் மட்டும்தான். முதல் ஆறு மாதம் புரொபேஷன். அது முடியும்போது சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும், விசாவும் நிலைக்கும். போடாவிட்டால் திருநெல்வேலிக்கு டிக்கெட். ஜோர்டான்காரரான அந்த அம்மா போன மாதம் என் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, “பீரியட் முழுக்க உங்கள் குரல்தான் கேட்டது. பிள்ளைகள் எங்கே?” என்று மட்டும் கேட்டார். வரும் புதன்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லியிருந்தார்.

பாயிடம் காலி லபன் பாட்டில்களும் சிப்ஸ் அட்டைப்பெட்டிகளும் கேட்டு வாங்கி, பாத்ரூமில் உட்கார்ந்து கழுவினேன். அறையில் கூட இருக்கும் நர்ஸ் அக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

“எம்.ஏ. இலக்கியம் படிச்சிட்டு ஷார்ஜாவுல மோர் பாட்டில் கழுவுறியேடி!”

“இதுதான்க்கா என் விசா.”

“கவிழ்த்து வச்சிக் காய வை. விசா நாறுது.”

புதன்கிழமை, கரும்பலகை முன்னால் ஒரு மேஜையைக் கடையாக்கினேன். நான் கடைக்காரர். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பொம்மைப் போனில் ஆர்டர் கொடுக்க வேண்டும். சூப்பர்வைசர் கடைசி பெஞ்சில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். “யார் முதலில்?” என்றேன். ஒருத்தரும் அசையவில்லை.

ஜன்னலோரப் பெண் எழுந்தாள்.

போனைக் காதில் வைத்தாள். “ஹலோ பாய்! ஒன் லபன், ஒன் குப்பூஸ். ஒய் யூ எவ்ரி டே லேட்? யூ ஸ்லீப்பிங்?”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது, அவ்வளவு சந்தோஷம். “சாரி மேடம், கமிங் மேடம்” என்றேன். அவ்வளவுதான், இருபது கைகள் மேலே. அடுத்த பையன் இன்னும் சத்தமாக அதட்டினான். அதற்கடுத்தவள், “திஸ் லபன் ஓல்டு! டேக் பேக்!” என்று பாட்டிலை மேஜையில் அடித்தாள். ஒருவன் நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் போனை டக்கென்று வைத்தான். அதற்குத்தான் பலமான கைதட்டல். ஒவ்வொன்றுக்கும் நான் குனிந்து, “சாரி சார், கமிங் சார்”. மணி அடிக்கும்போது வகுப்பு மீன் மார்க்கெட் மாதிரி இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

சூப்பர்வைசர் அறையில் ஏசி என் கழுத்தில் நேராக அடித்தது.

“இந்தப் பிள்ளைகள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை” என்றார். நான் மூச்சு விட்டேன். “ஆனால் இதெல்லாம் அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்தது. இன்று நீங்கள் கற்றுக்கொடுத்தது எது?”

“பேச வைத்தேன்” என்றேன்.

“அந்தக் கடைக்காரரிடம் ஒரு பிள்ளையாவது பிளீஸ் சொன்னதா? தேங்க்யூ? அவர்கள் அதட்ட அதட்ட நீங்களும் சிரித்தீர்கள்.”

உண்மைதான். பிள்ளைகள் பேசினால் போதும் என்ற வெறியில், யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பது என் காதில் விழவே இல்லை. அவர் கையெழுத்துப் போடவில்லை. புரொபேஷன் முடிய இரண்டு வாரம் இருந்தது. கடைசியாக ஒரு முறை வருவதாகச் சொன்னார்.

அன்று மாலை கிராசரியைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போகப் பார்த்தேன். பாய் விடவில்லை.

“டீச்சர்! கிளாஸ் எப்படிப் போச்சு? பாட்டில் பத்துச்சா?”

“நல்லாப் போச்சு பாய்.”

“நம்ம கடையத்தான் நடத்துனீங்களாக்கும்? அப்ப நாந்தானே ஹீரோ!”

பிஸ்கட் ரேக்கைப் பார்த்தபடி நின்றேன். அதற்குள் போன் அடித்தது. இந்த முறை ஸ்பீக்கர் இல்லை. மறுமுனை யார் என்று தெரியவில்லை. எனக்குக் கேட்டது பாய் பேசியது மட்டும்.

“எஸ் மேடம். ஸ்மால் ஆர் பிக்?… தட் கம்பெனி ஃபினிஷ், அதர் ஒன் ஓகே?… டுடே லிஃப்ட் ஒர்க்கிங்?… பேபி ஸ்லீப்பிங்? ஓகே, நோ பெல், ஐ நாக் ஸ்லோ.”

குழந்தை தூங்குகிறதா என்றுகூடக் கேட்கிறார்! இந்தக் கடையில் எத்தனை தடவை நின்றிருப்பேன். கேட்டதெல்லாம் ஆர்டர் கொடுப்பவர்களின் குரல்தான். ஆர்டர் கொடுக்க நாலு வார்த்தை போதும், அது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். ஆர்டரை எடுத்துக்கொள்கிறவருக்குத்தான் கேள்வி வேண்டும், பொறுமை வேண்டும். நான் மேஜைக்குப் பின்னால் நின்று நடித்தது இந்த மனிதரை இல்லை. கும்பிடு போடுகிற ஒரு பொம்மையை. நினைக்கவே கூச்சமாக இருந்தது.

“என்ன டீச்சர், பிஸ்கட்டயே முறைக்கிறீங்க?”

“பாய், இப்ப போன்ல கேட்டீங்கள்ல, அதையெல்லாம் இன்னொரு தடவை சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

“இதுல எழுத என்ன இருக்கு?” என்றார். ஆனாலும் சொன்னார். நடுநடுவே வந்தவர்களுக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டே, பதினோரு கேள்விகள்.

திங்கட்கிழமை இரண்டாவது பீரியட். சூப்பர்வைசர் வருவதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம். கடை மேஜைக்குப் பின்னால் பிள்ளைகள், போன் என் கையில். முதல் கடைக்காரி ஜன்னலோரப் பெண். அதட்டத் தெரிந்த அளவுக்கு அவளுக்குக் கேட்கத் தெரியுமா, இல்லை, மறுபடியும் ‘எஸ் மிஸ்’ஸுக்கே திரும்பிவிடுவாளா? நாலைந்து நாளாக எனக்கு அந்த ஒரே பயம்தான். எண்ணை அழுத்துவது போலப் பாவனை செய்து, “சிப்ஸ், பிளீஸ்” என்று மட்டும் சொல்லப்போகிறேன். என்ன கலர், எத்தனை, எந்த வீடு, எதுவும் சொல்ல மாட்டேன். அவள் கேட்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கப்போவதில்லை.