பருத்திமார்க் குச்சி

இன்று காலை, மழை விட்ட மைதானத்திலிருந்து கரிசல் மண் வாசம் வந்தபோது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நடத்தையை மதிப்பிடும் தாள் என் கையில் இருந்தது. ‘மணியடித்ததும் வகுப்புக்குள் வருகிறார்’ என்ற வரியில் பேனா நின்றுவிட்டது. ஒரு சிறுமி மட்டும் வராந்தாவில் குந்தி, ஈர்க்குச்சியால் ஷூவில் அப்பிய சகதியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

சின்ன வயதில் நான் படித்த, பசுவந்தனைப் பக்கம் எங்கள் ஊர் ஓட்டுப் பள்ளிக்கு மழைக்காலத்தில் புஞ்சை வழியே நடந்து வந்தால், மண் அடுக்கடுக்காக அப்பி ஒவ்வொரு காலும் கல்லாய்க் கனக்கும். மணியடித்தாலும் நகராமல் வாசலில் வரிசையாகக் குந்தி, காய்ந்த பருத்திச் செடியிலிருந்து ஒடித்த பருத்திமார்க் குச்சியால் விரலிடுக்கு வரை சுரண்டிக்கொண்டிருப்போம். வெளியூரிலிருந்து புதிதாக வந்த டீச்சருக்கு அது திமிராகத் தெரிந்தது.

“மணி அடிச்சா உடனே வரத் தெரியாதா? அடங்காத பிள்ளைங்க!”

“சகதிக்காலோட எப்படி டீச்சர் உள்ள வர? எங்கம்மா கொன்னுரும்லா” என்றாள் என் சிநேகிதி மாரி, சுரண்டுவதை நிறுத்தாமலே.

மறுநாள் பஸ் ஊருக்குள் வரவில்லை. புஞ்சை வழியே நடந்து வந்த டீச்சர், காலைத் தூக்க முடியாமல் வாசலில் நின்றபோது தலைமையாசிரியரான பெரிய சார் மணியடித்துவிட்டார். மாரி நகர்ந்து இடம் விட்டு, “இங்கன உக்காருங்க டீச்சர்” என்று ஒரு குச்சியை நீட்டினாள். அன்று டீச்சர் சுரண்டிக்கொண்டே பிரார்த்தனைப் பாட்டைத் தொடங்க, நாங்கள் வாசலிலிருந்தே பாடினோம்.

அந்தப் பள்ளியை இடித்துத் தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டார்கள்.

நான் அந்தச் சிறுமியின் பெயருக்கு நேரே அந்த வரியில் ‘ஆம்’ என்று குறித்தேன். அவள் இன்னும் உள்ளே வரவில்லை. ஒரு ஷூதான் முடிந்திருந்தது.