ஊர்ல எந்தத் தெரு?

எங்கள் பக்கம் யாரும் யாரிடமும் நேராகச் சாதி கேட்பதில்லை. அவ்வளவு நாகரிகம் வந்துவிட்டது. "ஊர்ல எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்பார்கள். பதிலில் எல்லாம் வந்துவிடும். இத்தனை வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தும் அதை வைத்து ஒரு கதை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் தோழிக்குத் தோன்றியது.

நானும் அவளும் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரே பட்டுக்கடையில் வேலை செய்கிறோம். புடவை பிரித்துக் காட்டி, மடித்து வைத்து, கால் கடுக்க நிற்கிற வேலை. இரண்டு பேருக்கும் கதைப் பைத்தியம். நான் எழுதினால் இரண்டாவது பத்தியிலேயே ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். பணக்காரருக்குக் கட்டாயம் மீசை இருக்கும். வறுமையையும் அநியாயத்தையும் உரக்கச் சொன்னால்தான் உறைக்கும் என்பது என் கட்சி. அவள் படித்துவிட்டு, "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுபா" என்பாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அவள் முசரவாக்கத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துக்காரி. கணவர் இறந்த பிறகு மகளை அழைத்துக்கொண்டு டவுனுக்கு வந்தவள். வீடு தேடி அவளோடு அலைந்தவள் நான்தான். போன இடத்தில் எல்லாம் தெருவைக் கேட்டார்கள். இவள் உண்மையைச் சொல்வாள். உடனே வீட்டுக்காரருக்குத் தன் தம்பி குடும்பம் அங்கே குடிவரப் போவது ஞாபகம் வந்துவிடும். காஞ்சிபுரத்தில் இத்தனை தம்பிகள் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் பிள்ளையார்பாளையத்தில், கீழே தறி ஓடும் ஒரு வீட்டில் மாடி அறை காலியாக இருந்தது. வீட்டுக்கார அம்மா உட்காரவைத்து மோர் கொடுத்தார். பிறகு அதே கேள்வியைக் கேட்டார். இவள் வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் போன் வந்தது, மகளுக்குப் பிரசவ வலி என்று. அந்த அவசரத்தில் சாவியை இவள் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். கேள்வி அப்படியே நின்றுபோனது. இவள் மகள் பாப்பா அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள்.

இதைத்தான் அவள் கதையாக்கியிருந்தாள். கதையில் போன் வரவில்லை. வீடு கேட்டு வந்தவளின் செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது. அது தெரியாமல் இருக்க ஒரு காலால் இன்னொரு காலை மறைத்துக்கொண்டு நிற்கிறாள். வீட்டுக்கார அம்மா பார்த்தும் பார்க்காதது போல உள்ளே அழைத்து மோர் தருகிறார். கூட வந்த குழந்தையின் தலையைத் தடவுகிறார். பிறகு தெருவைக் கேட்கிறார். அவள் பதில் சொல்கிறாள். என்ன பதில் என்று கதையில் இல்லை. குடித்த டம்ளரை அப்படியே வைப்பதா, கழுவி வைப்பதா என்று தெரியாமல் அவள் நிற்பதோடு கதை முடிகிறது.

எங்கள் வாசகர் கூட்டத்தில் இதைப் படித்தாள். ஒரு பேராசிரியர் எழுந்து, "மோர் குடுக்கிறாங்க, பாசமா பேசுறாங்க. இதுல சமூகப் பிரச்சினை எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"மோரு கேள்விக்கு முன்னாடி வருது சார். கேள்விக்கு அப்புறமும் வருமான்றதுதான் சார் கத" என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பொறாமையும் வந்தது, மறைப்பானேன். என் கதையைப் படிப்பவர் மீசைக்காரரைத் திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவார். இவள் கதையில் திட்டுவதற்கு ஆளே கிடையாது. அந்த அம்மா நம் சித்தி போல நல்லவர். நாம் யார் யாரிடம் தெரு கேட்டோம் என்று நம்மையே யோசிக்க வைத்துவிடுகிறது. ஒரு மேடைப் பேச்சு முழுக்கச் சொல்ல வேண்டியதை மூன்று பக்கத்தில் செய்திருந்தாள்.

ஒரு பத்திரிகை கதையை எடுத்துக்கொண்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. "மோரக் காப்பின்னு மாத்துபா. அந்தம்மா கண்ணுல பட்டா சாமானத் தூக்கிக்கினு தெருவுல நிப்ப. பாப்பா ஸ்கூலு என்னாவறது?" என்று கெஞ்சினேன்.

"மோருதான குடுத்தாங்க" என்றாள். அவ்வளவுதான். அவளிடம் அதற்கு மேல் பேச முடியாது.

பயந்ததுதான் நடந்தது. தபாலில் வந்த பத்திரிகை கீழ்வீட்டில் கொடுக்கப்பட்டது. வீட்டுக்கார அம்மா வடை மடித்த தாளையும் விடாமல் படிப்பவர். அன்று சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். பத்திரிகையும் கையுமாகப் படியேறி வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"கத நல்லா இருக்குதுமா" என்றார். "அந்தப் பொண்ணு என்னா பதில் சொல்லிச்சு?" என்று கேட்டார்.

பாதியில் நின்ற கேள்வி திரும்ப வந்துவிட்டது. சமாளித்துவிடு என்று இவளுக்குக் கண்ணைக் காட்டினேன்.

"காலனின்னு சொன்னாமா" என்றாள் தோழி.

பாப்பா வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"அப்புறம்? வீடு குடுத்தாங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அத நீங்கதாம்மா சொல்லணும்."

அந்த அம்மா பத்திரிகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அதைக் குழந்தையின் புத்தகங்கள் மேல் வைத்தார். "குடுத்தாங்கன்னு எழுதிடு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கதையில் வருகிறவளைப் போலவே அழுதேன்.

இப்போது அவள் கதைகள் புத்தகமாக வரப்போகின்றன. அச்சுக்குப் போகும் முன் படித்துப் பார்த்தேன். கதை பழையபடியே டம்ளரோடு முடிந்திருந்தது.

"அந்தம்மா அவ்ளோ பெரிய மனசோட சொன்னாங்களே, ஒரு வரி சேத்தா என்னாவாம்?" என்று சண்டைக்குப் போனேன்.

"எனக்கு வீடு கெடச்சிடுச்சுபா" என்றாள். "அவளுக்கு இன்னும் கெடைக்கலியே."