ஒட்டுப்பால் என்று ஒரு பட்டம்

மாமனார் படுத்த படுக்கையாக இருந்ததால், கல்யாணம் முடிந்து மனைவி வீட்டோடு தங்க வந்தபோது, எஹலியகொட ரப்பர் தோட்டத்தில் எனக்குக் கிடைத்த முதல் சீதனம் ஒரு பட்டப்பெயர். வைத்தவன் மனைவியின் தம்பி.

"வாங்க ஒட்டுப்பால், சாப்பிடுவோம்."

நான் பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைக்காரன். ரப்பர் மரத்தை பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி. அர்த்தம் கேட்டேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னான்: "மரத்துல கடைசியா வர்ற கெட்டிப்பாலுங்க. இங்க மருவாதியானவங்களுக்குத்தான் அந்தப் பேரு வைப்பாங்க."

நம்பினேன். நம்பியதோடு நின்றேனா? கோயில் திருவிழாக் கூட்டத்தில் எழுந்து, "என்னைத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன், நான்தான் ஒட்டுப்பால்" என்று கும்பிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். கோயில் தலைவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். இருமல் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்துத்தான், ஒரு காலை, பால் வெட்டுவதைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா மரத்தில் கத்தி வைக்குமுன், முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த கறுத்த நாரைப் பிய்த்துச் சாக்கில் எறிந்தார். சாக்கின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். "இது என்னங்க அக்கா?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமலே, "ஒட்டுப்பால்" என்றார்.

பாலெல்லாம் வடிந்த பிறகும் போகாமல் மரத்தோடு ஒட்டிக் கிடப்பது. வீட்டோடு மாப்பிள்ளைக்குப் பெயர் அவ்வளவு பொருத்தமாக இருந்ததுதான் எரிச்சலைக் கூட்டியது. பின்னாளில் விசாரித்தபோது, சிங்களத்தில் 'ஒட்டபாலு' என்பது நம்மிடமிருந்து போன சொல் என்றார் டவுன் கடை முதலாளி. இல்லை, நீங்கள்தான் எங்களிடம் எடுத்தீர்கள் என்றார் ரப்பர் வாங்கும் சிங்கள மாத்தையா. என்னை மட்டந்தட்டும் சொல்லுக்கு இரண்டு பக்கத்தாரும் உரிமை கொண்டாடினார்கள்.

அன்று நேராக வீட்டுக்கு வந்து உடுப்புகளைப் பையில் திணித்தேன். மனைவி கதவருகே நின்றாள்.

"ஒனக்கும் தெரியுமா?"

"தெரியும். சொன்னா கெளம்பிருவீங்கன்னு பயந்தேன். அப்பாவ இப்பிடிப் படுக்கையில விட்டுட்டு என்னால வர ஏலாதுங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ஆனால் மச்சினனை மன்னிக்கவில்லை. அவனும் பெயரை விடவில்லை. ஆறு வருஷம் அதே கூப்பாடுதான்.

போன வருஷம் கலவானப் பக்கம் அவனுக்குப் பெண் அமைந்தது. கையகலத் தேயிலைத் தோட்டம், ஒரே மகள். அவனும் வீட்டோடு மாப்பிள்ளை! கல்யாணத்தில் நான் இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தேன்.

ஒரு மாதத்தில் அவனிடமிருந்து போன் வந்தது. குரல் செத்துப்போயிருந்தது.

"இங்க எல்லாரும் என்னய முத்தல், முத்தல்னு கூப்புடுறாங்க. கேட்டா சிரிக்கிறாங்க. நீங்க தேயில ஆளுதானே, அப்பிடின்னா என்ன? கேவலமான பேருன்னா இன்னைக்கே வீட்டுக்கு வந்துருவேன்."

கொழுந்து நிறுக்கும்போது ஆகாதென்று பொறுக்கி வீசும் முற்றிய இலைதான் முத்தல். இந்த நாளுக்குத்தானே ஆறு வருஷம் காத்திருந்தேன்? பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. அப்போது போனுக்குள், சற்றுத் தள்ளி, அவனுடைய புது மனைவி "சாப்புட வாங்க" என்று பயந்து பயந்து கூப்பிடுவது கேட்டது. அன்று கதவருகே நின்ற என் மனைவி ஞாபகத்துக்கு வந்தாள். எனக்குப் பாவமாகிவிட்டது.

"நல்லா வெளஞ்ச எலடா" என்றேன். "மருவாதியானவங்களுக்குத்தான் அந்தப் பேரு வைப்பாங்க."

தான் சொன்ன பொய் திரும்பி வந்திருப்பது அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"சரிங்க மச்சான்" என்றான்.

ஆறு வருஷத்தில் அன்றுதான் என்னை அப்படிக் கூப்பிட்டான்.