எதிர்வீட்டுக்கு வந்த போன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த மாடிக் குடியிருப்பில் எங்கள் வீட்டில் மட்டும்தான் போன். மற்றவர்கள் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். அத்தனை வீட்டு உறவினருக்கும் எங்கள் நம்பர்தான், ஆளைக் கூப்பிட்டுத் தரும் பி.பி. நம்பர். யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், யார் பிள்ளை பாஸ் என்பதெல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு மாடிக்கும் கீழுக்குமாக ஓடி ஆள் கூப்பிடுவேன். எரிச்சலாகத்தான் இருக்கும். கொஞ்சம் பெருமையும் உண்டு.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அவள் அப்பா ஞாயிறுதோறும் பேசுவார். ஓய்வுபெற்ற வாத்தியார். மனைவி போய்ச் சேர்ந்தபின், மகளோடு பேசுவதற்கென்றே வீட்டில் போன் வைத்தவர். அவள் "சாப்பிட்டீங்களா"வில் தொடங்கி அதிலேயே முடிப்பாள்.

ஒரு வேலைநாள் காலையில் மணி அடித்தது. பேசியது அவள் அண்ணன்.

"அப்பா தவறிட்டாங்க. தங்கச்சிட்ட அதச் சொல்லிராதீங்க. சீரியஸ்னு மட்டும் சொல்லி அனுப்பிவிடுங்க."

எங்கள் பக்கம் அதுதான் முறை. வெளியூரில் இருக்கும் மகளிடம் சாவை நேரே சொல்வதில்லை. சீரியஸ் என்று காதில் விழுந்தாலே பாதி பேர் புரிந்துகொண்டு தலையில் அடித்துக்கொள்வார்கள். இவள் புரிந்துகொள்ளவில்லை.

"ஞாயித்துக்கெழம நல்லாத்தானக்கா பேசினாங்க? ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க" என்று போய் அடுப்பில் கஞ்சி வைத்தாள்.

பேட்டையில் பட்டறை வேலைக்குப் போயிருந்த அவள் கணவரைக் கூட்டிவர, கீழ்வீட்டு அண்ணாச்சி ஸ்கூட்டரை எடுத்தார். அவரிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னேன். அவர் படி இறங்குவதற்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்று கட்டடமே அவள் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது. தண்ணீர் மோட்டார் சண்டையில் முகம் திருப்பிக்கொண்டவர்கள்கூட வந்தார்கள். ஒருத்தி அவள் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மேல்வீட்டு அம்மா கஞ்சியைத் துழாவினார். அவள் முகத்தை நேராகப் பார்க்கத்தான் ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

திடீரென்று அவள் என் கையைப் பிடித்தாள். "அக்கா, ஊருக்கு ஒரு போன் போட்டுத் தாங்க. அப்பா காதுல ரிசீவர வைக்கச் சொல்லுங்க. என் சத்தம் கேட்டா முழிச்சுக்கிடுவாங்க."

லைன் கிடைக்காது என்றேன். "போட்டுத்தான் பாருங்களேன்" என்று என்னை எங்கள் வீட்டுக்கு இழுத்துவந்தாள். எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். மற்ற நாளில் எத்தனை முறை சுழற்றினாலும் கிடைக்காத லைன், பாழாய்ப்போனது, அன்று முதல் தடவையே கிடைத்தது.

அண்ணன்தான் எடுத்தார். பின்னால் பெண்கள் அழும் சத்தம். அது வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் கேட்டதைச் சொன்னேன். பிறகு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அழுகை அடங்கியது.

"தங்கச்சிட்ட குடுங்க" என்றார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கூடப்பிறந்தவனே மறைக்கும்போது நான் யார், போட்டு உடைப்பதற்கு? ரிசீவரை அவளிடம் கொடுத்தேன்.

"அப்பா, நாந்தான். நீங்க பேச வேண்டாம், கேட்டாப் போதும். கஞ்சி கொண்டாரேன். நான் வார வரைக்கும் கண்ண மூடிராதீங்க."

அப்படியே கேட்டுக்கொண்டு நின்றாள். எங்கள் பக்கம் திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது.

"அப்பாக்கு நான் பேசினது கேட்டிருக்குக்கா. திணறித் திணறி மூச்சு விடுதாங்க."

அவள் கேட்டது அழுகையை அடக்கிக்கொண்டிருந்த அண்ணனின் மூச்சு. அந்த அறையில் அவளைத் தவிர எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ரிசீவரை வைத்துவிட்டு அவசரமாகத் தன் வீட்டுக்கு ஓடினாள். கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி, மூடியை அழுத்தி மூடினாள்.

"ஸ்ரீவைகுண்டம் போறதுக்குள்ள ஆறிராதுல்லக்கா?"

ஆறாது என்று எல்லோரும் சேர்ந்து சொன்னோம்.