சிவப்புக் கார்க் கதவில் ஒரு கீறல்

கனடாவில், ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளுக்கு முன்னால் கார்கள் நிற்கும் இடத்தில் நிற்கிறேன். மதுரையிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. சாம்பல் நிற வேன்களுக்கு நடுவே ஒரு பழைய சிவப்புக் கார், என் நெஞ்சளவுகூட உயரமில்லை. கதவில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறேன். நிமிரும்போது தோள்பையின் கொக்கி கரகரவென்று இழுக்கிறது. விரல் நீளத்துக்கு வெள்ளைக் கீறல். எச்சில் தொட்டுத் தேய்க்கிறேன். போகவில்லை.

நழுவ நினைக்கும்போது எதிர்க்கடையிலிருந்து ஒருவர் வருகிறார். அறுபது வயதிருக்கும்.

"என்ரை கார்தான் தம்பி. அறுபதுகளிலை இத்தாலியிலை செய்தது. எஞ்சின் மட்டும் அமெரிக்கா, எட்டு சிலிண்டர். பதினொரு வருசமா நானே கழட்டிப் பூட்டினனான்."

கீறலை மறைத்து நின்றபடி, "பிரமாதமா இருக்கு சார்" என்கிறேன்.

எனக்குக் காட்டுவதற்காகவே மறுபக்கமாக ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார். என் முதுகுக்குப் பின்னால் கதவு அதிர்கிறது. குனிந்து திரும்பிப் பார்க்கிறேன், அவர் குழந்தைபோலச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையைச் சொல்ல மனம் வருகிறது.

"சார், கதவுல ஒரு கீறல். என் பை பட்டுடுச்சு. மன்னிச்சிடுங்க."

"ஓம், கடைக்குள்ளை நிண்டு பாத்தனான். துப்பல் தொட்டுத் தேய்ச்சதையும் பாத்தனான்."

குரலில் கோபமே இல்லை. உள்ளிருந்தபடியே நான் நிற்கும் பக்கத்துக் கதவைத் திறந்துவிடுகிறார்.

"பரவாயில்லை, ஏறுங்கோ. எங்கை விடவேணும்?"

நான் தங்கியிருப்பது அஜக்ஸில், இங்கிருந்து இருபது கிலோமீட்டராவது இருக்கும்.

"பக்கத்துலதான் சார்" என்கிறேன். "நடந்தே போயிடுவேன்."