சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த சாடி

அந்தக் காட்சியறையை மூட வைத்தது நான்தான்.

"யாரும் வருவதில்லை, எல்லாரும் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறார்கள், அதனால்தான் மூடினார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் காரணத்தை அவர்கள் வாயில் ஊட்டிவிட்டவனே நான்தான். என்னையும் முழுசாக நம்பிவிட வேண்டாம்... ஐந்து வருடம் ஒரு பொய்யைக் கட்டிக் காத்தவன் இன்றைக்கு மட்டும் உண்மை பேசுவான் என்று என்ன நிச்சயம்?

உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். நூலகத்தை ஒட்டி ஒரு சின்னக் காட்சியறை இருந்தது. மேகமலை எஸ்டேட்டிலிருந்து வந்த பழைய ஏலக்காய்த் தராசு, துருப்பிடித்த லாடங்கள், தாளில் ஒற்றி எடுத்த நாலைந்து கல்வெட்டுப் படிகள், அப்புறம் ஒரு மண்சாடி. சாவி என்னிடம் இருந்தது.

அந்தச் சாடியைக் கொடுத்தது வேலுத்தாய். தேவாரத்துக்குப் பக்கத்தில் திராட்சை விவசாயம் பார்க்கும் சம்சாரி. பந்தலுக்குக் கல் ஊன்றக் குழி தோண்டியபோது கிடைத்தது. வீட்டு ஆண்கள் உள்ளே பொன் இருக்கும் என்று கடப்பாரையைத் தூக்க, இவள் குழிக்குள் இறங்கிச் சாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். உள்ளே வெறும் மண்! அதைச் சொல்லிச் சொல்லியே கொழுந்தன்மார் இன்றுவரை அவளைக் கேலி செய்கிறார்கள்.

முழ உயரச் சாடி. அதன் கழுத்தில் நான்கு பள்ளங்கள். ஈரம் காயுமுன் யாரோ தூக்கியதில் அழுந்திய விரல்கள். வேலுத்தாய் தன் விரல்களை அதில் வைத்துக் காட்டினாள். அப்படியே பொருந்தின.

"ஆத்தாடி... எனக்குன்னே அளவெடுத்து வச்சாப்புல இருக்கு, சாரு! என்னைய மாதிரி ஒருத்தி எங்க காட்டுல இருந்திருக்கா."

எப்போது வேண்டுமானாலும் வந்து கை வைத்துப் பார்க்கலாம் என்று வாக்குக் கொடுத்துத்தான் சாடியை வாங்கினேன். வருடா வருடம் அறுவடை முடிந்ததும் வருவாள். கண்ணாடியைத் திறந்துவிடுவேன். விரல்களை வைத்துக்கொண்டு நிற்பாள், பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள்.

பிறகுதான் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றுவது என்று முடிவானது. யார் முடிவு செய்தது? நானேதான்! அதை வைத்து இன்னொரு பட்டம் வாங்கலாம் என்ற ஆசை. சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, கணினியில் ஒட்டினால் சாடி திரையில் முழுதாகச் சுழலும். அதற்கென்று சுழல்மேடை இருக்கிறது, வாங்கப் பொறுமையில்லை. அலுவலகத்திலிருந்து ஒரு சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, அதன்மேல் வைத்தேன்.

எல்லாப் படமும் எடுத்து, கணினியில் ஒட்டியும் ஆகிவிட்டது. கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாமே முடிந்துவிட்டது! போதாதென்று, உள்பக்கம் வெளிச்சம் விழ இன்னும் கொஞ்சம் திருப்புவோமே என்று நாற்காலியைக் காலால் தள்ளினேன். காலால்...

சாடி தரையில் உடைந்து கிடந்தது. திரையில் அது கொஞ்சமும் சேதமில்லாமல் சுழன்றுகொண்டிருந்தது.

கதவைத் தாழிட்டேன். ஓடுகளைப் பொறுக்கி ஒட்டினேன். வயிறும் வாயும் சேர்ந்தன. கழுத்துப் பக்கம் பொடிப்பொடியாகப் போயிருந்தது, அந்த நான்கு பள்ளங்கள் இருந்த இடம். அங்கே சுண்ணாம்பைக் குழைத்து அப்பி, காவி பூசி, அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துக் கண்ணாடியைப் பூட்டினேன்.

அன்றிலிருந்து எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்ற ஓய்வுபெற்ற அதிகாரி என்ன பார்த்தார்? கைப்பேசியை நீட்டிப் பெரிதாக்கிய மாணவி எதைப் பெரிதாக்கினாள்? கூட்டிப் பெருக்குகிற அம்மா ஏன் ஒரு நாள் குப்பையைக் கொட்டுமுன் குனிந்து பார்த்தார்? வகுப்பில் யாராவது சிரித்தால்கூட வேட்டி அவிழ்ந்தவன் மாதிரி திரும்பிப் பார்ப்பேன்.

வேலுத்தாய் வந்தாள்.

"என்ன சாரு, சாடியத் திருப்பி வச்சிருக்கீக?"

"வெயில் படுதும்மா. அதான்."

"கண்ணாடியத் தொறங்க. கைய வச்சிட்டுப் போயிருதேன்."

"ரூல்ஸ் மாறிருச்சும்மா. இனி யாரும் தொடக் கூடாது."

அவள் சாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நானுமா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று ஐந்து வருடமாகக் குடைந்துகொண்டிருக்கிறேன். அப்போதே தெரிந்துவிட்டதா? தெரிந்தும் படித்த மனுசனை எதற்கு அவமானப்படுத்துவது என்று விட்டுவிட்டாளா? அடுத்தடுத்த வருடமும் வந்தாள், கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டுப் போனாள்.

போன வருடம் கணினிக்கூடத்துக்கு இடம் தேவைப்பட்டது. காட்சியறையை எடுக்கலாமா என்று கேட்கக் கூட்டம் போட்டார்கள். பொருள் கொடுத்தவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நான்தான் எதிர்த்துப் பேசுவேன் என்று கல்லூரி முதல்வர் எதிர்பார்த்தார். பாவம், எனக்குப் பதில் சொல்லக் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தார்!

எழுந்தேன். இந்த அறைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டேன். இணையத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் பார்க்கிறார்கள் என்றேன். "அங்கே வளைத்து வளைத்துப் பார்க்கலாம், பெரிதாக்கிப் பார்க்கலாம். இங்கே கண்ணாடிக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற சாடியில் என்ன தெரிகிறது? இனி காட்சிக்கூடம் எதற்கு?" கை தட்டினார்கள். முதல்வர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் சொன்னதில் பாதி உண்மைதான். நடக்க முடியாதவர், கடல் தாண்டி இருப்பவர், எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். படத்தின்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் படம் சரிதானா என்று பார்க்க அசல் ஓரிடத்தில் நின்றாக வேண்டுமே! அந்த அசலைத்தான் யாரும் பார்க்கக் கூடாது என்று நான் தவித்தேன். இப்போது யாராவது மேடையேறி "இனி மியூசியம் எதற்கு" என்று முழங்கினால், இவன் எதை உடைத்திருப்பான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. நல்லவர்களும் அப்படிப் பேசுவார்கள், எனக்குத் தெரியும்.

கைதட்டல் அடங்கியதும் கடைசி வரிசையில் வேலுத்தாய் எழுந்தாள்.

"சார் சொன்னாக, சரியாத்தான் இருக்கும். ஆனா நான் அதுல கை வைக்கணும்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐயோ, நானும் சிரித்தேன்!

அவள் விடவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தாள். "இங்கன வைக்க எடமில்லன்னா எங்கிட்டயே குடுத்துருங்க சாரு. சாமிப் படத்துக்குப் பக்கத்துல வச்சுக்கிருதேன்." நியாயமாகத்தான் கேட்டாள். கொடுத்திருக்கலாம். கொடுத்தால் முதல் காரியமாக விரலை வைப்பாள். வைத்தால் சுண்ணாம்பு உதிரும்... "கொடுத்தது கொடுத்ததுதாம்மா, இனி அது கல்லூரிச் சொத்து" என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது. மறுநாள் காலையிலேயே வைக்கோல் திணித்து, பெட்டியில் போட்டு, ஆளை நம்பாமல் நானே ஆணி அடித்தேன். அவள் கடைசியாக ஒரு தடவை பார்க்க வந்தபோது பெட்டியைத்தான் காட்டினேன். சமாதானமாக அவள் கைப்பேசிக்குப் படத்தை அனுப்பி வைத்தேன்.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"சாரு, வேலுத்தாயி பேசுறேன். நீங்க அனுப்புன படத்தத் தொறந்து பெருசாக்கி, அந்த நாலு வெரலு எடத்துல கைய வச்சேன். வச்ச ஒடனே படம் நகண்டு போயிருது. திரும்பக் கொண்டாந்து வச்சாலும் போயிருது. எப்பிடி சாரு வைக்கணும்?"

எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியவில்லை. குத்திக் காட்டுகிறாளா? தெரிந்துகொண்டு என்னைச் சொல்ல வைக்கப் பார்க்கிறாளா? இல்லை, உள்ளபடியே வழி கேட்கிறாளா? குரலில் ஒரு சின்னக் கோணல் கிடைத்தாலும் போதும், பிடித்துக்கொள்வேன். கிடைக்கவில்லை.

உண்மையை எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். கடைசியில், "ஒரு விரலை மட்டும் அசையாமல் வைத்துப் பாருங்கள்" என்று அனுப்பினேன். படித்தவன் புத்தி!

உடனே பதில் வந்தது. "ஒரு வெரலு வச்சா நான்னு எப்பிடி சாரு அந்தச் சாடிக்காரிக்குத் தெரியும்?"

 உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.